ஆராயி கொண்டுவந்த திராட்சை

மகளின் வாயில் சாராய வாடை அடித்தது.

பெரியசாமி மேஸ்திரி அப்போதுதான் கீழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். காப்பிப் பழம் செக்கச்செவேலென்று பழுத்து, பறிக்கக் கை போதாமல் எஸ்டேட் தவிக்கிற காலம். கூட வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் முன்னால் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வயது மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஆசையோடு தூக்கி முகத்தருகே கொண்டுபோனவர், அப்படியே கீழே இறக்கிவிட்டார்.

"வாயைத் திற கண்ணு. ஊது பாக்கலாம்."

ஊதினாள். சாராயமேதான். லைன்காரர்கள் ஒண்டிக்கடைப் பக்கம் போய் ஊற்றிக்கொண்டு வருகிற மட்டச் சரக்கும் இல்லை. துரை பங்களாவில் மணக்கிற ஒசத்திச் சரக்கு.

"ஏ புள்ள! இங்க வா!"

அவர் போட்ட சத்தத்தில் புதிதாக வந்திருந்த ஆட்கள் தங்களைத்தான் அதட்டுகிறார் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். மனைவி மாதம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏனுங்க, வந்ததும் வராததுமா..."

"புள்ளை குடிச்சிருக்குது. நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"அது குடிக்கலீங்க. தின்னுருக்குது."

"சாராயத்தைத் திங்கறதா? ஆரு காதுல பூச்சுத்தற?"

"திராட்சைங்க. காஞ்ச திராட்சை. கிறிஸ்துமஸ் கேக்குக்குன்னு துரைசானி பிராந்தியில ஊறப்போட்டு வெச்சிருக்கறாங்க. அதை இது கையில குடுத்துக் கொண்டாரச் சொல்லறாங்க. இது வர்ற வழியிலயே ரெண்டை வாயில போட்டுக்குதுங்க."

மேஸ்திரி ஊரில் இல்லாத நாட்களில் நடந்த கதை பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. துரைசானி இந்த வருஷம்தான் சீமையிலிருந்து வந்தவள். பழம் எடுக்கப் போகிற பெண்களோடு பிள்ளைகளும் பனியில் நனைந்துகொண்டு திரிவதைப் பார்த்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையாகப் பங்களாவின் பின்பக்கத்து வராந்தாவுக்கு அனுப்பச் சொன்னாள். இங்கிலீஷ் சொல்லித் தருகிறாளாம். அதற்குப் புத்தகமும் இல்லை, பலகையும் இல்லை. கேக்குச் சாமான்களை வைத்தே பாடம். மாவை உள்ளங்கையில் கொட்டி, ஃப்ளவர். சர்க்கரையை நாக்கில் வைத்து, ஷுகர். வெண்ணெயை விரலால் தொடவிட்டு, பட்டர். கிளறுவதற்கு ஸ்டர். மேலும் கீழும் கரி நெருப்புப் போட்ட இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஓவன், ஹாட், டோன்ட் டச். தொட்டதும் தின்றதும் சுட்டதும் மறந்துபோகுமா? பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

வழி என்னவோ கெட்டிக்காரத்தனமான வழிதான். அதை மேஸ்திரியும் மறுக்கவில்லை.

"ஆரைக் கேட்டு அனுப்புன?" என்றார்.

"ரைட்டர் வந்து சொன்னாருங்க. மேஸ்திரி ஊட்டுப் புள்ளையே வல்லீன்னா மத்த ஊட்டுப் புள்ளை எப்படி வரும்னாரு. நான் என்னங்க சொல்லட்டும்?"

மேஸ்திரியிடம் கேட்டிருந்தாலும் தம் வீட்டுப் பிள்ளைதான் முதலில் நிற்க வேண்டும் என்றிருப்பார். கோபம் பாதி இறங்கியது. முண்டாசை அவிழ்த்து உதறிக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"சரி, என்ன படிச்ச? அப்பாவுக்குச் சொல்லு கண்ணு."

அவள் இதற்காகவே காத்திருந்தவள் போலக் கால் இரண்டையும் சேர்த்து, கையை முன்னால் கட்டி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"மை நேம் இஸ் ரெய்சின். ஐ ப்ரிங் ரெய்சின்ஸ்!"

மூன்று துரைகளுக்குக் கீழே வேலை பார்த்தவருக்கு நேம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெய்சின்னா என்ன?"

"இதாப்பா." மூடியிருந்த இடது கையை விரித்தாள். வியர்வையில் நசுங்கி, தோல் சுருங்கி, கன்னங்கரேலென்று ஒரு காய்ந்த திராட்சை ஒட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு அந்தப் பேருதான். சித்தனுக்கு மட்டும் சித்தன்னே பேரு. அவன் ஷுகர் கொண்டாருவான். ஆனா அவன் பேரு ஷுகர் இல்ல. எனக்குத்தான் கேக்குலயே பேரு."

பெருமையாகச் சொன்னாள். மேஸ்திரிக்கு இறங்கியிருந்த கோபம் இரட்டிப்பாக ஏறியது.

அவர் மகளுக்குப் பெயர் ஆராயி. அவரைப் பெற்றவளின் பெயர். அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் அந்த எஸ்டேட்டில் கிடையாது. காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் முதல் கூட்டத்தோடு மலையேறியவள். அப்போதிருந்த துரை பொம்பளை ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். கைப்பிரம்பை நீட்டி, 'ஏய் குட்டை, ஏய் கருப்பி' என்பான். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது, பிரம்பு ஆராயிப் பக்கம் நீண்டது. ஏய் கருப்பி என்றான். ஆராயி அசையவில்லை. 'எனக்குப் பேரு இருக்குது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாரேன்' என்றாள். எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். மழையும் மூடுபனியுமாக இருந்த அந்தக் களத்தில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் ஒருத்தி நின்றாள். பொழுது சாய்ந்து ஆட்கள் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள். துரைதான் கடைசியில் வெளியே வந்து, பக்கத்திலிருந்தவனிடம் பெயரைக் கேட்டு, ஆராயி என்று கூப்பிட்டான். 'இதைக் காலையிலயே கூப்பிட்டிருந்தா இந்நேரம் ரெண்டு கூடை பழம் எடுத்திருப்பனுங்களே' என்று சொல்லிக்கொண்டே போனாளாம்.

அந்த ஆராயியின் பேத்தி ரெய்சினாம்.

"பேரைக் கேட்டாங்களா இல்லையா?" மேஸ்திரியின் குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்துவதைவிட அது மோசம் என்று மாதம்மாளுக்குத் தெரியும்.

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைங்க சொல்லுவேன்?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமியா பேரை நான் எப்படிங்க சொல்லறது? பக்கத்துல ஆராச்சும் இருந்தாச் சொல்லச் சொல்லலாம்னு சுத்தும் முத்தும் பாத்தேன். ஒரு பெரிய மனுசனும் இல்ல. சமையக்காரன் வெளியூர்க்காரன். துரைசானி, பேரு, பேருன்னு மறுக்காவும் மறுக்காவும் கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுட்டு நின்னேன். புள்ளைக்கே பேரு வெக்கலையாட்ட இருக்குதுன்னு அவங்களா ஒண்ணை வெச்சுட்டாங்க."

"இதையே கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமே!"

"அதையும் கேட்டாங்க. கண்ணுன்னுச்சு. அவங்க தன் கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. நீங்களோ நானோ என்னைக்குங்க அதை அந்தப் பேருல கூப்பிட்டோம்?"

கூப்பிட்டதில்லை. பெயர் வைத்த அன்று காதில் மூன்று முறை சொன்னதோடு சரி. என் ஆத்தா பேரைச் சொல்லி எவரும் வாடி, போடி என்று அதட்டக்கூடாது என்று அன்றைக்கே மேஸ்திரி உத்தரவு போட்டுவிட்டார். பிள்ளை தவழ்கிற பருவத்தில் ஒருநாள் அடுப்பை நோக்கிப் போனபோது, பதறிப்போன மாதம்மாள் வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது. அதற்காக அவர் நாள் கணக்கில் அவள் கையால் சோறு வாங்காமல் இருந்தார். அதற்கப்புறம் கண்ணுதான், சாமிதான். பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல அந்தப் பெயரை மடித்து வைத்துவிட்டார்கள்.

வைத்திருந்தால் என்ன? அதற்காக வந்தவள் போனவளெல்லாம் காய்ந்துபோன பழத்தின் பெயரைச் சூட்டுவதா? மேஸ்திரி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போனால், அங்கே எஸ்டேட்டுக் கணக்கெழுதுகிற ஐயாக்கண்ணு ரைட்டர். காதில் பென்சிலும் கழுத்தில் மப்ளருமாக நின்றவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க மேஸ்திரி. ஆள் நல்லாக் கொண்டாந்திருக்கறாப்பல இருக்குது. சாயங்காலம் பங்களாவுக்கு வந்துருங்க. நாளைக்குக் கிறிஸ்துமஸ்சு. பக்கத்து எஸ்டேட்டுத் துரைகளெல்லாம் வர்றாங்க, புள்ளைங்க சொல்லறதைக் கேக்க. உங்க ரெய்சின் நொம்ப ஜோராச் சொல்லுது."

"ஆருங்க ரெய்சின்?"

"அட, உங்க மவதானுங்க."

"என்ற மவளுக்கு வேற பேரில்லீங்களா?"

"இருக்கும். ஆரு கண்டா? நானும் இத்தனை வருசமா உங்க லைன் வழியாப் போறேன் வாறேன். ஒரு நாளாச்சும் காதுல உழுந்ததில்லீங்களே."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு வந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

"ரைட்டரே, உங்களை ஒருத்தன் சக்கரவள்ளிக் கெழங்குன்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போவீங்களா?"

"துரை கூப்பிட்டாப் போவேனுங்க. கெழங்குன்னா என்ன, சருகுன்னா என்ன? சம்பளம் அவருதானுங்களே குடுக்கறாரு."

"நீங்க போவீங்க. நான் போக மாட்டேன். என்ற மவளும் போக மாட்டா."

"அப்ப சாயங்காலம் அனுப்ப மாட்டீங்களா? அய்யோ, துரைசானி வருத்தப்படுவாங்களே!"

"அனுப்பறேன். நானே கூட்டிட்டு வாறேன்."

சாயங்காலம் பங்களாப் புல்தரையில் பிரம்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. துரைமார்களும் துரைசானிகளும் கையில் கிளாசோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய பீங்கான் பாத்திரம். பிள்ளைகள் கழுத்தில் பெயர் எழுதிய அட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வரிசையாக நின்றார்கள். வேலியோரம் அவர்களைப் பெற்றவர்கள்.

பெரியசாமி மேஸ்திரி செருப்பை வாசலில் விட்டார். முண்டாசை விடவில்லை. துரைக்கு முன்னால் அதை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வதுதான் வழக்கம். அவர் நேராகப் புல்தரையின் நடுவுக்கு வந்து நின்றார்.

துரை புருவத்தைச் சுளித்தார். "என்ன மேஸ்திரி?"

"ரைட்டரே," என்றார் மேஸ்திரி, துரையைப் பார்த்தபடியே. "நான் சொல்லறதை ஒரு வார்த்தை முழுங்காமச் சொல்லுங்க. என்ற மவ பேரு ரெய்சின் இல்ல. ஆராயி. அது என்ற ஆத்தா பேரு. பெரட்டுக் களத்துல மழையில நின்னு ஒரு துரை வாயால சொல்ல வெச்ச பேரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறதானா அவ வருவா. இல்லீன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமேப் பெரட்டுக்கு நானும் வல்லை, நான் கொண்டாந்த ஆளும் வல்லை."

ரைட்டரின் மப்ளர் நழுவி விழுந்தது. எதை விழுங்கினாரோ எதைச் சொன்னாரோ, துரையின் முகம் சிவந்தது. துரைசானி அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. ரைட்டரிடம் படபடவென்று பேசினாள்.

"தாயாருகிட்டக் கேட்டாங்களாம், சொல்லலையாம். புள்ளைகிட்டக் கேட்டாங்களாம், தெரியலையாம். பேரே இல்லாத புள்ளைக்கு ஆசையா ஒரு பேரு வெச்சது தப்பான்னு கேக்கறாங்க. ரெய்சின் இனிப்பாத்தானே இருக்குதுங்கறாங்க."

"இனிப்பு அவங்க கேக்குல இருக்கட்டும். எங்க ஊட்டுல பேரு இருக்குது."

துரைசானி தலையசைத்தாள். "ஆ-ரா-யி," என்று நாக்கை வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்து, "ஆராயி! கம்!" என்றாள்.

யாரும் வரவில்லை.

சிறுமி பீங்கான் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராயி என்று மறுபடியும் கூப்பிட்டாள் துரைசானி. சிறுமி பக்கத்திலிருந்த சித்தனின் முகத்தைப் பார்த்தாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது போல.

நாற்காலியில் இருந்த ஒரு துரை வேடிக்கையாக, "ரெய்சின்!" என்று குரல் கொடுத்தார்.

"எஸ் மேடம்!" என்று கிண்ணத்தோடு குடுகுடுவென்று ஓடிவந்து நின்றாள்.

புல்தரையே சிரித்தது. ரைட்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மேஸ்திரியின் காது மடல்கள் எரிந்தன. யாரை வெட்டுவது? சிரிக்கிறவர்களையா, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற இந்தச் சின்னச் சிறுக்கியையா? பாட்டி ஒருத்தி அந்தப் பெயருக்காகப் பகலெல்லாம் மழையில் நின்றாள். பேத்தி அந்தப் பெயர் தன்னுடையதென்று தெரியாமல் நிற்கிறாள். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். பெயர் இன்னதென்று சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு. பெற்றவளைப் பெயர் சொல்லி அழைப்பது போல இருந்தது. முடியவில்லை.

அப்போது வேலியோரத்திலிருந்து மாதம்மாள் வெளியே வந்தாள். தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆராயி," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். வேலியோரத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் பெயரை மருமகள் சொல்கிறாள். அதுவும் புருஷனை எதிரில் வைத்துக்கொண்டு. மாதம்மாள் அவர்களையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. காப்பிக் காட்டில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவிலிருக்கும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"ஆராயீ!"

சிறுமி சட்டென்று திரும்பினாள். "அம்மா! என்னையவா?"

"உன்னையத்தாண்டி. உன்ற பேரு அதுதான். உங்கப்பாவைப் பெத்தவங்க பேரு. இனிமே ஆரு கேட்டாலும் அதைத்தான் சொல்லோணும்."

"ரெய்சின் நல்லாருக்குதேம்மா."

"ரெய்சின் கிண்ணத்துல இருக்குது. நீ ஆராயி. சொல்லு."

சிறுமி உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் காலைச் சேர்த்து, கழுத்தை நிமிர்த்தினாள். அந்த நிமிர்வைக் கண்டதும் மேஸ்திரிக்குத் தன் தாயைப் பார்ப்பது போல இருந்தது.

"மை நேம் இஸ்... ஆராயி. ஐ ப்ரிங் ரெய்சின்ஸ்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துரைசானி அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜைக்கடியில் போட்டாள். "ஆராயி, ஸ்டர்," என்று மரக்கரண்டியை நீட்டினாள். சிறுமி திராட்சையைக் கொட்டி, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கிளறினாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி ஒருவரிடமும் விடைபெறவில்லை. முந்தின நாளே சுட்டு வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டைச் சமையல்காரன் இலையில் வைத்து நீட்டினான், அதையும் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். பின்னாலேயே மாதம்மாள். எல்லோருக்கும் முன்னால், பாதை நெடுகக் குதித்துக்கொண்டு மகள். காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகையைத் தாண்டினார்கள்.

"ஏனுங்க, இன்னைக்குமா சோறு வேண்டாம்பீங்க?" என்றாள் மாதம்மாள்.

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"நான் சொன்னது குத்தமுன்னா நீங்க சொல்லியிருக்கலாமுங்க. வாயைத் தொறந்தீங்க. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"போதும் நிறுத்து." கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடங்கினார். "இனிமே ஊட்டுல அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடு. ஊருக்கெல்லாம் காதுல உழுகோணும். அந்த ரைட்டரு லைன் வழியாப் போறப்பவெல்லாம் உழுகோணும். ஆனா திட்டறதுக்கு மட்டும் அந்தப் பேரை எடுக்காத."

"திட்டாம ஆராச்சும் புள்ளை வளப்பாங்களாங்க?"

"சொன்னதைச் செய்யி!"

முன்னால் போனவள் இதற்குள் பாட்டாகவே கட்டிவிட்டாள். ஃப்ளவர், ஷுகர், பட்டர் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குதி. ரெய்சின் வரும்போது மட்டும் இரண்டு குதி. பாதை வளைகிற இடத்தில் மழையில் அரித்துப்போன மண்கரை. அதன் விளிம்பில் போய் நின்றுகொண்டு, "ரெய்சின்! ரெய்சின்!" என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள். பள்ளம் திருப்பிக் கத்தியது.

"ஏ ஆராயி!" மேஸ்திரியின் அலறலில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. "கரையை உட்டு இறங்குடி! எறங்குறயா, கால ஒடிக்கட்டுமா!"

சிறுமி இறங்கி ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பள்ளத்திலிருந்து அவர் குரலிலேயே ஒருதரம் ஆராயி என்று வந்து அடங்கியது.

மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னடி சிரிப்பு?" என்றார் மேஸ்திரி. முண்டாசை அழுத்திச் சரிசெய்துகொண்டு, இருவருக்கும் முன்னால் கோபமாக நடந்தார்.